லூப்பர் பெடல் வாங்கும் முன்: நல்ல ஒலி என்றால் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்?

கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லூப்பர் பெடல் என்றால் என்னவென்று சொல்வது எளிது. நடுவில் பெரிய வில். வீசுகோலால் அதன் நாணைத் தட்டிக்கொண்டு பாட்டுக்காரர் கதையைச் சொல்லிப் போவார். பக்கத்தில் குடம் அடிப்பவர், உடுக்கைக்காரர், ஜால்ரா, பின்பாட்டு. கதை கைலாசத்துக்குப் போனாலும் சுடுகாட்டுக்குப் போனாலும் குடத்தின் அடி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அந்தச் சுற்றின் மேல் ஏறி நின்றுதான் பாடுகிறவர் விருப்பம்போல் உலவுகிறார்.

தனியாகக் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குடக்காரரையும் பின்பாட்டுக்காரரையும் தருகிற பெட்டிதான் லூப்பர். காலால் ஒரு மிதி, பதிவு தொடங்கும். எட்டு பார் (தாளச் சுற்று) ரிதம் வாசித்துவிட்டு இன்னொரு மிதி. வாசித்தது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன் மேல் பேஸ் மாதிரி ஒரு வரி, அதற்கு மேல் சின்னதாக ஒரு மெலடி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இப்படி அடுக்குவதை ஓவர்டப் என்பார்கள். குடக்காரர் பாடுகிறவரின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். லூப்பர் யார் முகத்தையும் பார்க்காது. கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தரும்.

உண்மையிலேயே கொடுத்தபடியேதான் தருகிறதா? லூப்பரின் ஒலித்தரம் என்பது இந்த ஒரு கேள்விதான். மற்ற பெடல்கள் ஒலியை மாற்றுவதற்காகவே செய்யப்பட்டவை. டிஸ்டார்ஷன் கரகரக்க வேண்டும், கோரஸ் அலையடிக்க வேண்டும். லூப்பர் மட்டும் எதையும் மாற்றக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு குறை ஒரு முறை கேட்டால் காது மன்னித்துவிடும். லூப்பரில் அதே குறை இருபது நொடிக்கு ஒரு தரம் வரும், ஒவ்வொரு அடுக்கிலும் கூடவே ஏறி உட்காரும். அதனால்தான் லூப்பர் வாங்கும்போது ஒலித்தரத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் சில பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபைப் பாடகர் குழுவிலும் வாசிக்கிறேன். போன மாதம் அக்கா மகன் போனில் இரண்டு லூப்பர்களைக் காட்டி, "மாமா, இது 24 பிட்டு, அது 32 பிட்டு. அப்ப 32தானே நல்லது?" என்று கேட்டான். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

டிஜிட்டல் லூப்பர் உங்கள் கிட்டாரின் மின் அலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது. நொடிக்கு எத்தனை தடவை என்பது சாம்பிள் ரேட். 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 44,100 தடவை. அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரை உள்ள ஒலியைச் சரியாக மீட்கலாம் என்பது கணக்கு. அப்படியானால் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும்; மனிதக் காது நல்ல வயதில்கூட 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடும். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கரோ 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினாலே வேகமாகச் சரிந்துவிடும். ஆகவே 44.1 தாராளம்.

பிட் என்பது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுட்பமாக எழுதுகிறது என்பது. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு). சிடி வந்தபோது தேர்ந்தெடுத்த 16 பிட்டே 96 டெசிபெல் தருகிறது. அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே அவ்வளவு இடம். 24 பிட் என்றால் தாளில் 144. எந்த கிட்டாரும், எந்த ஆம்பும் அவ்வளவு அமைதியாக இருப்பதில்லை. 24 பிட் நல்லதுதான், இருக்கட்டும். 32 பிட் ஃப்ளோட் (மிகப் பெரிய எண்ணுக்கும் இடம் தரும் கணக்கு முறை) பெடலுக்குள் இருந்தால், பல அடுக்குகளைக் கூட்டும்போது உள்ளேயே நிரம்பி வழியாமல் இருக்கும். அது உபயோகமான விஷயம். ஆனால் 24, 32 என்ற எண்ணை மட்டும் வைத்து ஒன்று நன்றாக ஒலிக்கும், இன்னொன்று ஒலிக்காது என்று சொல்லவே முடியாது. இந்த எண்ணை விட்டுவிட்டு, பதிவைச் சுருக்காமல் சேமிக்கிறதா என்று பாருங்கள். அதிக நேரம் பதியலாம் என்று காட்டுவதற்காகத் தரத்தைக் குறைக்கிற பழைய கருவிகள் உண்டு. லைன் 6 டிஎல்4 என்ற பச்சைப் பெடலின் முதல் வடிவில் 14 நொடி லூப் கிடைக்கும்; பாதி வேகத்தில் பதிந்தால் 28 நொடி, ஒலி சற்று மங்கலாக. நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில், நான்கு தாள அடி கொண்ட எட்டு பார் 24 நொடிதான் வரும். ஆகவே ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தாலே உங்களுக்கு மிச்சம் இருக்கும். நேரத்துக்காகத் தரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது உண்மையிலேயே காதுக்குத் தெரிகிற இடத்துக்கு வருவோம்.

லூப்பர் வாங்கிய முதல் நாள் அது பதிந்ததை எல்லாரும் உற்றுக் கேட்பார்கள். லூப்பர் சும்மா இருக்கும்போது தங்கள் கிட்டாருக்கு என்ன ஆகிறது என்று கேட்க மறந்துவிடுவார்கள். ஆனால் நீங்கள் வாசிக்கிற ஒவ்வொரு நொடியும் உங்கள் நேரடி ஒலி அந்தப் பெட்டிக்குள் நுழைந்துதான் ஆம்புக்குப் போகிறது. நிகழ்ச்சி முழுக்க லூப் போடாமலே இருந்தாலும் பெட்டி நடுவில் இருக்கிறது. அந்த நேரடி ஒலியைப் பெடல் எப்படிக் கடத்துகிறது என்பதில் மூன்று வழக்கம் உண்டு.

சில பெடல்கள் அணைந்திருக்கும்போது உள்ளே வரும் கம்பியை வெளியே போகும் கம்பியோடு நேராக இணைத்துவிடும். இது ட்ரூ பைபாஸ். பெயரைக் கேட்டாலே இதுதான் சுத்தம் என்று தோன்றும். பாதி உண்மை. சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் பாகம்) தள்ளும் வலு குறைவு. மீட்டர் மீட்டராகக் கேபிள் கூடினால் உச்ச ஸ்தாயியின் பளபளப்பு கரைந்துகொண்டே போகும். பாளையங்கால்வாயில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு வரும்போது மெலிந்துவிடுகிற மாதிரி. கிட்டாரிலிருந்து பெடலுக்கு ஆறு மீட்டர், பெடலிலிருந்து ஆம்புக்கு ஆறு மீட்டர் என்றால் ட்ரூ பைபாஸில் கிட்டார் பன்னிரண்டு மீட்டரையும் தானே தள்ள வேண்டும்.

பஃபர் உள்ள பெடல் நடுவில் பம்ப்செட் வைத்த மாதிரி. வந்ததை வாங்கி வலுவாக வெளியே தள்ளும். பாஸ் நிறுவனத்தின் பெடல்கள் பெரும்பாலும் இந்த வகை. மேடையில் நீளக் கேபிள் இழுப்பவருக்கு நல்ல பஃபர் ஒன்று இருப்பதே பளிச்சென்ற ஒலிக்கு உதவும். ஆகவே ட்ரூ பைபாஸ் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் லூப்பருக்கே உரியது. சில லூப்பர்களில் உங்கள் நேரடி ஒலியும் எண்களாக மாறி, மறுபடி அலையாக மாறி வெளியே வரும். சிலவற்றில் லூப் மட்டும் எண்ணாகும்; நீங்கள் அப்போது வாசிப்பது தொடாமல் அப்படியே கடந்து போகும். இதை அனலாக் ட்ரை த்ரூ என்று எழுதியிருப்பார்கள். டிசி எலக்ட்ரானிக் டிட்டோவில் இது உண்டு. அலையை எண்ணாகவும் எண்ணை அலையாகவும் மாற்றும் நல்ல மாற்றிகள் இருந்தால் முதல் வகையிலும் குறை தெரியாது, மலிவானதில் தெரியும். ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக்கும் வைத்து, பிக்கப்பையும் லூப்பர் வழியாக மிக்சருக்குக் கொடுத்தால், எண்ணாக மாறி வருகிற ஒலி ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் பிந்தும். இரண்டும் கலந்தால் தகர டப்பாவுக்குள் வாசிப்பது போல் மெலிந்து கேட்கும். சபைகளில் மைக்கும் பிக்கப்பும் சேர்த்துக் கொடுப்பது நடப்பதுதான். அப்படிச் செய்கிறவர்களுக்கு அனலாக் ட்ரை த்ரூ கட்டாயம் வேண்டும் என்பேன்.

அடுத்து இரைச்சல். ராபர்ட் ஃபிரிப் என்ற கிட்டார்க்காரர், பிரையன் ஈனோ என்ற இசைக்கலைஞர் இருவரும் 1970களில் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே நாடாவை ஓடவிட்டு லூப் செய்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நாடா கொஞ்சம் பளபளப்பை இழந்து, கொஞ்சம் உஸ்ஸென்ற சத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். அவர்கள் இசைக்கு அது அழகாகவே இருந்தது. டிஜிட்டல் லூப்பரில் அந்தத் தேய்மானம் இல்லை. நூறாவது சுற்றும் முதல் சுற்றும் ஒன்றே. ஆனால் நீங்கள் புதிதாக ஓவர்டப் செய்யும் ஒவ்வொரு முறையும் கிட்டார், மற்ற பெடல்கள், லூப்பரின் உள்வாசல் எல்லாவற்றின் உஸ்ஸும் ஒரு அடுக்காக ஏறும். இரண்டு அடுக்கானால் இரைச்சல் 3 டெசிபெல் கூடும். நான்கில் 6. எட்டில் 9. பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். ஒரு அடுக்கில் யாருக்குமே தெரியாத உஸ், எட்டாவது அடுக்கில் மழை பெய்கிற மாதிரி கேட்பது இதனால்தான்.

இதற்குப் பெடலை மட்டும் குறை சொல்ல முடியாது. அடுக்குக்கு நடுவே கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் பழக்கம் வேண்டும். வாசிக்காத நேரத்தில் ஓவர்டப்பைத் திறந்தே வைத்திருக்கக் கூடாது. அப்புறம், அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து ஒலி கூழாகிவிடுவது வேறு விஷயம். "லூப்பர் சவுண்ட் கலங்குது சார்" என்று பிள்ளைகள் சொல்லும்போது பெரும்பாலும் பெடல் கலங்கவில்லை. நான்கு அடுக்கும் ஒரே ஜி கார்டை ஒரே இடத்தில் அடித்திருப்பார்கள். ஒன்றை ஏழாவது ஃப்ரெட் பக்கம் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு வாசித்துப் பாருங்கள், இன்னொன்றை ஒற்றைக் கம்பியில் வாசியுங்கள். கலக்கம் தெளிந்துவிடும்.

ஒட்டு விழும் இடத்தையும் கவனிக்க வேண்டும். லூப்பின் முடிவும் தொடக்கமும் சந்திக்கிற இடத்தில் கார்டு ஒலித்துக்கொண்டிருந்தால், அலை ஒரு உயரத்தில் அறுந்து வேறொரு உயரத்தில் தொடங்கும். அந்தக் குதிப்பு 'டப்' என்று கேட்கும். நல்ல லூப்பர் அந்த இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல மங்கவிட்டு ஒட்டிவிடும். மிதித்த கணத்திலேயே பதிவு தொடங்குகிறதா என்பதும் இதோடு சேர்ந்தது. சில சுவிட்சுகள் காலை எடுக்கும்போதுதான் வேலை செய்யும். அதற்குள் தாளம் கால்வாசி அடி தள்ளிப்போயிருக்கும். சுற்று நொண்டினால் எந்த பிட்டும் காப்பாற்றாது.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே நடந்தது. ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் இரண்டு பெடலுக்கும் லூப்பருக்கும் சேர்த்து ஒரே அடாப்டரிலிருந்து கிளைக் கம்பி போட்டிருந்தேன். வீட்டில் சத்தமே தெரியவில்லை. மேடையில் முதல் அடுக்கு பதிந்ததும் 'கீ'யென்று ஊசி மாதிரி ஒரு ஒலி லூப்போடு வந்தது. நான்காவது அடுக்கில் பிள்ளைகள் பாடுவதையே அது குத்தியது. லூப்பரை அணைத்துவிட்டு வெறும் கிட்டாரோடு முடித்தேன். பல வாரம் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு அது நியாயமில்லை. அன்று முதல் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணம் இதுதான். லூப்பர் ஒரு சின்னக் கணினி. அதன் உள்ளே ஓடும் கடிகாரத் துடிப்பு மின்கம்பி வழியாகக் கசிந்து, அதே கம்பியில் இருக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குள் நுழைந்தால் அங்கே பெரிதாக்கப்படும். லூப்பருக்கென்று தனி அடாப்டர் வையுங்கள், அல்லது ஒவ்வொரு வாசலும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்குங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது, மில்லிஆம்பும் பார்க்க வேண்டும். சாதாரண டிஸ்டார்ஷன் பத்து இருபது மில்லிஆம்பில் ஓடிவிடும். டிட்டோவுக்கு 100, பாஸ் ஆர்சி-5 மாதிரியானவற்றுக்கு அதற்கும் மேல். போதவில்லை என்றால் பெடல் தானாக அணையும், அல்லது விசில் அடிக்கும்.

ம்ம்ம் என்ற ஊமை இரைச்சல் வேறு வகை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில் அதுவும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் கேட்கும். ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். அதனால் ஜி சுதியில் வாசிக்கும்போது அந்த ஊமைச் சத்தம் கொஞ்சம் சுதி விலகிய தம்புரா மாதிரி கூடவே நின்று வெறுப்பேற்றும். கோயில் கொடையோ சபையின் அசன விருந்தோ, ஒரே ஜெனரேட்டரில் சீரியல் செட்டும் டியூப்லைட்டும் மிக்சரும் ஓடும். மைக் செட் அண்ணாச்சியிடம் கேட்டு, ஆம்புக்கும் பெடலுக்கும் மிக்சர் இருக்கிற அதே பிளக் பாயின்ட்டிலிருந்து கரன்ட் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் லூப் போடுவதற்கு முன் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் ஏதோ ஒரு திசையில் சத்தம் சட்டென்று குறையும். அந்தத் திசையில் நின்று பதியுங்கள்.

லூப்பரை எங்கே வைப்பது? கடைசியில். டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே எல்லாம் முடிந்து, ஆம்புக்கு முன்னால். அப்போதுதான் ரிதமை ஒரு ஒலியிலும் லீடை வேறு ஒலியிலும் பதியலாம். ஆம்பின் டிஸ்டார்ஷன் சேனலுக்கு முன்னால் வைத்தால் எல்லா அடுக்கும் ஒன்றாக அதற்குள் விழுந்து அரைபடும். ஆம்பை கிளீனில் வைத்து, கரகரப்பைப் பெடலில் எடுங்கள். ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் என்ற வாசல் இருந்தால் அங்கே போடலாம்.

சரி, எதை வாங்குவது? பயிற்சிக்கும் சின்ன மேடைக்கும் ஒற்றைக் குமிழ் லூப்பரே என் தேர்வு. டிட்டோ ஒரு குமிழ், ஒரு சுவிட்ச், ஐந்து நிமிடம், 24 பிட், சுருக்காத பதிவு, மோனோ (ஒற்றை ஒலித்தடம்). பாஸ் ஆர்சி-1 பன்னிரண்டு நிமிடம், ஸ்டீரியோ, பஃபர் உண்டு. சுற்று எந்த இடத்தில் ஓடுகிறது என்று அதன் வட்ட விளக்கு காட்டுவது தொடக்கக்காரருக்குப் பெரிய துணை. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் 720 பன்னிரண்டு நிமிடம், பத்து லூப்பைச் சேமிக்கலாம். தாளமும் வேண்டும், பாட்டுக்குப் பாட்டு சேமிக்கவும் வேண்டும் என்றால் ஆர்சி-5: 99 இடம், உள்ளேயே தாளங்கள். எங்கள் சபை மிக்சர் மோனோதான். உங்கள் இடத்திலும் அப்படியென்றால் ஸ்டீரியோவுக்காகக் காசு கூட்ட வேண்டாம். பாடுகிற குரலையும் லூப் செய்ய நினைப்பவர்களுக்கு இந்தச் சின்னப் பெடல்கள் சரிப்படாது, மைக் வாசல் உள்ள பெரிய லூப்பர் தேவை.

கடையிலோ நண்பர் வீட்டிலோ கேட்டுப் பார்க்கப் போகும்போது உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போங்கள். முதலில் நேராக ஆம்பில் ஒரு திறந்த ஈ கார்டு, அப்புறம் லூப்பர் வழியாக அதே கார்டு. பளபளப்பு குறைந்ததா? அடுத்து, கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்கி வெறும் மௌனத்தைப் பத்து நொடி பதியுங்கள். அதன் மேல் இன்னும் ஏழு தடவை மௌனத்தையே ஓவர்டப் செய்து, ஆம்பைக் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள். கேட்பதெல்லாம் லூப்பரும் மின்சாரமும் சேர்ந்து சேர்த்த இரைச்சல். பிறகு நீளமாக ஒலிக்கும் ஒரு கார்டை அடித்து, அது அடங்குவதற்குள் லூப்பை மூடி, ஒட்டில் 'டப்' வருகிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, ஒரு எளிய வரியைப் பதிந்து குமிழை உங்கள் வாசிப்பின் அளவுக்கு வையுங்கள். கூட வந்தவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு முறை லூப்பை ஓடவிட்டு, ஒரு முறை நீங்களே அதே வரியை வாசியுங்கள். எது லூப் என்று அவர் திணறினால் அந்தப் பெடலை வாங்கலாம். அக்கா மகனோடு போனபோது அவன் வாசித்தான், நான் கண்ணை மூடினேன். ஐந்து முறையில் மூன்று முறை தவறாகச் சொன்னேன். அவன் வாங்கியது 24 பிட்டுதான்.

பழைய பெடல் என்றால் இதோடு சுவிட்சையும் முப்பது நாற்பது முறை மிதித்துப் பாருங்கள். லூப்பரில் முதலில் தேய்வது அதுதான். ஒரு மிதி இரண்டாகப் பதிந்தாலோ, ஒன்று விட்டுப்போனாலோ, சுவிட்சை மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.